புதுக்கடைத் தேங்காய்

ஐம்பத்திரண்டாம் வருஷம் தைப்பூசம் கும்பிட்டுத் திரும்பிய கிருஷ்ணமணியின் பஸ், ஆரல்வாய்மொழி எல்லைச் சோதனைச் சவுக்கையில் வந்து நின்றபோது நன்றாக விடிந்துவிட்டது. கணவாய்க் காற்று பஸ்ஸின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. சவுக்கைக்காரர்கள் இரண்டு பேர் ஏறி, எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாத அரிசியைத் தேடினார்கள். பாண்டிச் சீமையிலிருந்து வருகிற எவனும் அரிசி இல்லாமல் வரமாட்டான் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் பிசகும் இல்லை. வடசேரி சொர்ணம்மாள் சாய்ந்திருந்த தலையணைக்குள்ளேயே மூன்று படி இருந்தது. அவள் கால் வலி என்று முனகினாளே தவிர, எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் முத்துக்கனி உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து செதிள் செதிளாக உதிர்ந்துகொண்டிருந்தது. சவுக்கைக்காரர்களில் வயதானவர் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பாவம், சின்னப் பிராயம். மாப்பிள எப்ப தவறினாரு?"

தவறினவன் இரண்டு வரிசை தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து பொரிகடலை மென்றுகொண்டிருந்தான். பகவதியப்பன் என்று பெயர். புதுக்கடையில் கருப்பட்டி மொத்த வியாபாரம்.

"இன்னும் தவறல்ல சார்," என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "தேங்கா உடையட்டு. பொறவு தெரியும், தவறுறது ஆருண்ணு."

பஸ்ஸே சிரித்தது. முத்துக்கனியும் அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஓமனாவும் மட்டும் சிரிக்கவில்லை. அது வேடிக்கைப் பேச்சு இல்லையென்று அவர்கள் இருவருக்கும் தெரியும்.

கிருஷ்ணமணி பைங்குளத்துக்காரர். வருஷா வருஷம் தையில் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, தோவாளையிலிருந்து புதுக்கடை வரைக்கும் ஆள் சேர்த்துப் பழனிக்குக் கூட்டிப்போவார். அவர் நடைமுறை ஒன்று உண்டு. காவி கட்டின நாள் முதல் எல்லோரும் சாமிகள். மீன் கூடாது, கள் கூடாது, கோபம் கூடாது, ஒரு ஈ எறும்பைக்கூட அடிக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டியானாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். திரும்பி வரும்போது ஊருக்கு ஒரு தேங்காய். அந்த ஊர்க்காரர்கள் கடைசி ஆள் வரை இறங்கின பிறகு, கிருஷ்ணமணி ஒரு தேங்காயை முருகன் பேரைச் சொல்லிக் கல்லில் அடித்து உடைப்பார். அதோடு விரதம் தீர்ந்தது. அதற்குமுன் கை ஓங்கினவனுக்கு என்ன ஆகும் என்பதற்குத் தோவாளையில் வாய் கோணிப்போன ஒருவனைச் சாட்சி சொல்வார்கள். பகவதியப்பன் மனுஷருக்குப் பயப்படுகிறவன் அல்ல. ஆனால் வைசூரி கண்டு பிழைத்தவன், தெய்வ காரியத்தில் எறும்பைச் சுற்றிக்கொண்டு போவான். பழனியில் முத்துக்கனி மொட்டையோடு எதிரே வந்து நின்றபோது அவன் கை ஓங்காததற்கு அது ஒன்றே காரணம்.

முத்துக்கனிக்கு முட்டு வரைக்கும் முடி. கோயில் குளத்தில் குளித்துவிட்டு அவள் ஈரத்தை உதறினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். பகவதியப்பனுக்கும் அந்த முடி பிடிக்கும். இடது மணிக்கட்டில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டால் அவளால் எந்தப் பக்கமும் நகர முடியாது. வலது கையால் சாவகாசமாக அடிக்கலாம். கருப்பட்டி இளகிவிட்டால் அடி, சந்தையில் விலை இறங்கினால் அடி, குழம்பில் புளி ஏறினால் அடி. கடைவாய்ப் பல் இரண்டு அப்படிப் போயிற்று. நாலு மாதத்தில் ஒரு பிள்ளை அப்படிப் போயிற்று. அதற்குப் பிறகு பிள்ளையே தங்கவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

சரவணப்பொய்கைக் கரையில் அவள் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். தாலி பாக்கியத்துக்கு என்று பொய் சொன்னாள். ஒரு வேண்டுதலும் இல்லை. பிடிப்பதற்கு அவன் கையில் ஒன்றும் சிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தோவாளையில் பூக்காரக் குடும்பங்கள் இறங்கின. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாமிர்த டப்பா மாறிப்போயிற்று என்று கொஞ்சம் சிரிப்பு. கிருஷ்ணமணி சாக்கைப் பிரித்து முதல் தேங்காயை எடுத்தார். தோவாளை, வடசேரி, தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம், புதுக்கடை. ஆறு ஊருக்கு ஆறு. அவருடைய வீட்டுத் தேங்காயை அவர் மனைவி எடுத்து வைத்திருப்பாள். கல்லில் தேங்காய் சிதறின சத்தம் கேட்டதும் முத்துக்கனி எண்ணிப் பார்த்தாள். இன்னும் ஐந்து.

வடசேரியில் சொர்ணம்மாள் இறங்கும்போது முத்துக்கனி அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினாள்.

"அத்த, ஒரு காரியம் கேட்டா தப்பா நெனைக்கப்பிடாது. ரெண்டு நாளு எங்கூட வந்து இரியுங்கோ. ரெண்டே ரெண்டு நாளு."

"ஐயோ மக்கா, பசு செனையா நிக்கி. இண்ணைக்கோ நாளைக்கோண்ணு இருக்குவு. எனக்க மருமவ ஒண்ணுக்கும் கொள்ளமாட்டா."

"அவரு என்ன கொன்னுபோடுவாரு அத்த."

சொர்ணம்மாள் அவள் மொட்டையைத் தடவினாள். நல்ல மனுஷிதான். பத்து நாளும் தன் போர்வையில் பாதியை முத்துக்கனிக்குத் தந்தவள். ஆனால் நல்ல மனுஷிகளுக்கும் வீட்டில் பசு இருக்கும்.

"ஏட்டி, நான் சொல்லுதத கேளு. ஆம்பிளைக்கு கோவம் வந்தா நம்ம வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். எனக்க மாப்பிள அடிக்காத அடியா? பாரு, இப்ப பாயில கெடக்காரு, நாந்தான் கஞ்சி கோரிக் குடுக்கேன். ஆவணி ஞாயிற்றுக்கிழம நாகராஜா கோயிலுக்கு வா. எனக்க வீட்டுல தங்கலாம், என்ன?"

"இருந்தா வாறேன் அத்த."

"இருப்ப, இருப்ப. போயிட்டு வாறேன் மக்கா," என்று சொர்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசித் தலையணையை இடுப்பில் இடுக்கியபடி வேகமாக நடந்தாள். கால் வலி எங்கே போயிற்றோ.

தக்கலையில் இறங்குகிறவர்களை அனுப்பிவிட்டு, ஒரு கடை முன்னால் காப்பிக்கு நிறுத்தினார்கள். வெயில் ஏறியிருந்தது. டிரைவர் ஆபேல் மட்டும் தனியே போய் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஒரு பிடி பிடித்தார். மிஷன் சபைக்காரர், அவருக்கு விரதமும் இல்லை, தேங்காயும் இல்லை. பத்து நாள் பழனிச் சோற்றில் நாக்கு செத்துப்போயிற்று என்று புலம்பிக்கொண்டு வந்தவர்.

ஓமனா இரண்டு கிளாஸ் கருப்பட்டிக் காப்பி வாங்கிவந்தாள். குலசேகரத்தில் ரப்பர் பால் எடுக்கிற வேலை அவளுக்கு. விடிவதற்கு முன்னால் முந்நூறு மரத்துக்குப் பட்டை சீவுகிறவள். உள்ளங்கை மரப்பட்டை மாதிரியே காய்த்திருக்கும். கட்டினவன் எஸ்டேட்டில் பாம்பு கடித்துச் செத்து ஆறு வருஷம்.

"பழனியில வச்சு உனக்க கெட்டியோன் சொன்னத நான் கேட்டேன்," என்றாள் ஓமனா. "உடைச்ச தேங்காயும் உனக்க மண்டையும் ஒண்ணுபோல கெடக்கும்ணு."

"எனக்குத் தெரியும். ரெண்டு தடவ சொன்னாரு."

"நீ எங்கூட குலசேகரத்துல எறங்கு பிள்ள. நான் ஒத்தைக்குத்தான் இருக்கேன். பாலு வெட்டப் படிப்பிச்சுத் தாறேன். ஒரு மாசத்துல கை பழகிரும்."

முத்துக்கனி காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிறகு தலையாட்டினாள்.

"அது எனக்க அப்பன் எனக்கு எழுதித் தந்த வீடு அக்கா. பதினெட்டு தெங்கு நிக்கி. ஒவ்வொண்ணுக்கும் நான் வெள்ளம் கோரியிருக்கேன். அவரு ஒரு துணிமூட்டையோட வந்தவரு. நான் எதுக்கு எறங்கி ஓடணும்?"

"வீடு நிக்கும். நீ நிக்கணுமே."

"வேற எங்க போனாலும் தேடி வருவாரு."

ஓமனா கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். முத்துக்கனி கடைசியில் ஏறியபோது, ஓமனா பின்பக்கம் சாக்குகளுக்கு நடுவே தன் மூட்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

குலசேகரத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்ந்து நின்றன. ஓமனா போகிறபோது அழவில்லை. முத்துக்கனியை ஒருமுறை இறுகக் கட்டிக்கொண்டாள். மூட்டையில் ஏதோ கனமாக முத்துக்கனியின் விலாவில் இடித்தது.

"ஒண்ணும் உடையாது," என்று காதோரம் சொன்னாள் ஓமனா. "பேடிக்காத. சாமிதானே, சாமியாட்டே இருக்கட்டு."

முத்துக்கனிக்கு அப்போது புரியவில்லை. ஓமனா திரும்பிப் பார்க்காமல் ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து போனாள். கிருஷ்ணமணி நாலாவது தேங்காயை அடித்தார்.

மார்த்தாண்டத்தில் இவர்கள் இருவரைத் தவிர மீதிப்பேர் எல்லோரும் இறங்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டதால் யாருக்கும் நின்று பேச நேரமில்லை. 'வாறோம், வாறோம்' என்று கும்பிட்டுவிட்டுத் தலைக்கொரு மூட்டையாகக் கலைந்தார்கள். பத்து நாள் ஒரே பானைச் சோறு தின்றவர்கள், மழைக்கு ஒதுங்கினவர்கள் போவதுபோலப் போய்விட்டார்கள். முத்துக்கனிக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை சாமிகளில் ஒரு சாமிக்குக்கூட, இவளை இவனோடு தனியே விடுகிறோமே என்று தோன்றவில்லை. தோன்றியிருக்கும். தோன்றினதால்தான் அவ்வளவு வேகமாகப் போனார்கள்.

பஸ் கிளம்பியதும் பகவதியப்பன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து நாளில் முதல் முறை. முன்னால் ஆபேலும் கிருஷ்ணமணியும் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி," என்றான் அவன், மெதுவாக. "எல்லாரும் போயாச்சு பாத்தியா சாமி?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தையில வந்து கேப்பான், பகவதியப்பா, நீ எப்ப செத்தேண்ணு. நான் என்ன சொல்லட்டு? நீ சொல்லிக் குடு. உயிரோட இருக்கவனுக்கு மொட்டையடிச்ச மூதேவி, நீ சொல்லு."

"வேண்டுதலு."

"எனக்கிட்ட கேக்காத வேண்டுதலு. செரி. நானும் ஒண்ணு வேண்டியிருக்கேன். முடியில்லேண்ணா என்ன? கழுத்து இருக்கு. காது இருக்கு."

புதுக்கடைச் சந்தை முக்கைத் தாண்டி மேற்கே இரண்டு பர்லாங்கில், ரோட்டை ஒட்டியே வீடு. பஸ் நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் கிருஷ்ணமணியும் இறங்கினார்கள். பத்து நாளாகப் பெருக்காத முற்றம் முழுக்கத் தென்னஞ்சருகு. கிருஷ்ணமணி சாக்கைக் கவிழ்த்து உதறினார். கொஞ்சம் நாரும் தூசியும்தான் விழுந்தன.

"இது எப்பிடி? எண்ணி ஆறு போட்டேனே."

பஸ்ஸுக்குள் ஏறி சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினார். ஆபேலும் தேடினார். முத்துக்கனிக்கு அப்போதுதான் விலாவில் இடித்தது என்னவென்று விளங்கியது. ஓமனாக்கா! தேங்காய் இல்லாவிட்டால் விரதம் தீராது. விரதம் தீராவிட்டால் இவன் கை ஓங்கமாட்டான். ரப்பர் காட்டுக்காரி அவ்வளவு தூரம் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு நிமிஷம் முத்துக்கனிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஆனால் ஓமனா ஒன்றை மறந்துவிட்டாள். குலசேகரத்தில் ரப்பர். புதுக்கடையில் எங்கே திரும்பினாலும் தெங்கு.

பகவதியப்பன் கொல்லைப்பக்கம் போனான். காற்றுக்கு விழுந்து கிடந்த தேங்காய் நெற்று ஒன்றோடு திரும்பி வந்தான். முற்றத்து மூலையில் தேங்காய் உரிக்க நட்டிருந்த இரும்புப் பாரையில் அதைக் குத்தி முறுக்கினான். ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு, மூன்றாவதில் மட்டை பிளந்து கழன்றது. கை பத்து நாள் சும்மா இருந்த கை. குடுமியோடு தேங்காயைக் கொண்டுவந்து கிருஷ்ணமணி கையில் வைத்தான்.

"உடையும்."

"அண்ணே, உடைக்காண்டாம்," என்றாள் முத்துக்கனி.

கிருஷ்ணமணி அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். பத்து நாள் ஒரே பஸ்ஸில் வந்த மனுஷருக்குத் தெரியாமல் இருக்குமா?

"விரதத்தோட வாசல்ல விட்டுட்டுப் போனா எனக்குத்தான் பிள்ள தோஷம். முருகனுக்க காரியம்." பிறகு அவனிடம், "ஓய், பொறுமையா இரியும். பொம்பள, தெரியாம செய்துபோட்டா," என்றார்.

"நீரு உடையும் வேய்."

கிருஷ்ணமணி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டு, நடைக்கல்லில் அடித்தார்.

தேங்காய்த் தண்ணீர் கல்லில் வழிந்து முடியவில்லை. முதல் அறை அவள் காதோடு விழுந்தது. இடது கை பழக்கத்தில் அவள் பிடரிக்குப் போய், கொத்தாகப் பிடித்து இழுப்பதற்காக மூடியது. உள்ளே ஒன்றும் இல்லை. சந்தனப் பொடியில் வழுக்கி, இழுத்த வேகத்தில் அவனே ஒரு எட்டு முன்னால் தடுமாறினான். ஆபேல் டிரைவர் இருக்கையிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவனைப் பேயாக்கியது.

காதைப் பிடித்து இழுத்து அவள் தலையை வாசல் தூணில் மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. மொட்டைத் தலையில் ரத்தத்தை மறைக்க முடி இல்லாததால் நெற்றி, புருவம் எல்லாம் சட்டென்று சிவந்து வடிந்தது. கீழே விழுந்தவளை வயிற்றில் மிதித்தான்.

"ஓய்! விடும் வேய்! ஓய்!" என்று கிருஷ்ணமணி நின்ற இடத்திலிருந்தே கத்தினார். வேலிக்கு மேலே அடுத்த வீட்டுத் தலைகள் தெரிந்தன. அவை வழக்கமாகத் தெரிகிற தலைகள்தான்.

இரண்டாவது மிதிக்கு முத்துக்கனி உருண்டாள். உருண்டு போய் உரலில் முட்டினாள். பக்கத்தில் சுவரில் சாய்ந்து உலக்கை நின்றது. பதினாலு வயசிலிருந்து அவள் பிடிக்கிற பூவரசு உலக்கை. பிடித்த இடம் தேய்ந்து அவள் கைக்கென்றே ஆகியிருந்தது. நெல் குத்துகிறவளுக்கு உலக்கையைத் தூக்குவது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. எழுந்து, இரண்டு கையாலும் தூக்கி, இறக்கினாள்.

அவன் தடுக்க நீட்டின வலது கையில் விழுந்தது. விறகு ஒடிகிற சத்தம். முழங்கைக்குக் கீழே கை வேறொரு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்; வலி இன்னும் வந்து சேரவில்லை. அடுத்தது தோளில் இறங்கியது. சருகின்மேல் முட்டுக் குத்தி விழுந்தான். அதற்குப் பிறகுதான் அலறினான்.

"கொல்லுதாளே! எம்மோ, கொல்லுதாளே!"

மூன்றாவதற்கு அவள் ஓங்கியபோது ஆபேல் ஓடிவந்து உலக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"மதி, தங்கச்சி. மதி. செத்துப்போவான்."

அவள் விட்டுவிட்டாள். மூச்சு வாங்கியது. கிருஷ்ணமணி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கெட்டினவன அடிச்சுப்போட்டியே பிள்ள! காவி கெட்டின ஒடம்போட!"

"தேங்கா அவருக்கு மட்டுமா உடைச்சீரு?" என்று திரும்பினாள் முத்துக்கனி. ரத்தம் வாய்க்குள் போயிருந்ததால் துப்பிவிட்டுப் பேசினாள். "நானும் காவி கெட்டித்தானே வந்தேன்? நானும் பத்து நாளு ஒரு எறும்ப அடிக்கல்ல. எனக்கும் சேத்துத்தானே உடைச்சீரு?"

இத்தனை வருஷத்தில் கிருஷ்ணமணியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலிக்கு மேலே இருந்த தலைகள் கிசுகிசுத்தன.

"ஏத்துங்கோ இவர," என்றாள் அவள்.

"எங்க பிள்ள?"

"பஸ்ஸுல. தேங்காப்பட்டணத்துல எல்லு முறிஞ்சா கெட்டுத ஆசான் இருக்காருல்லா, அவருகிட்ட காட்டுங்கோ. பொறவு அங்ஙனதானே இவருக்க அம்ம வீடு. அங்க எறக்கி விடுங்கோ."

"உனக்க வீட்டுக்காரன இப்பிடி..."

"எனக்க வீட்டுக்காரரு இல்ல. இது எனக்க வீடு. எனக்க அப்பன் எழுதினது. இவரு இங்க எறங்கினதா நெனைக்காண்டாம், அவ்வளவுதான். ஏத்தாட்டா நான் இனியும் உலக்கைய எடுப்பேன் அண்ணே. சத்தியமா எடுப்பேன்."

அவள் எடுப்பாள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. ஆபேல்தான் முதலில் குனிந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கையில் படாமல், பகவதியப்பனை பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். காவித் துண்டை மடித்துக் கையைக் கழுத்தோடு தூளிகட்டினார் ஆபேல். ஏற்றும்போது முழுக்க அவன் அலறினான்; அவளைக் கெட்ட வார்த்தை சொன்னான்; திரும்பி வந்து தோலை உரிப்பதாகச் சொன்னான். உட்கார்ந்த பிறகு முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

முத்துக்கனி வாசலில் கிடந்த மூட்டையைப் பிரித்து, அவன் வேட்டியையும் திருநீற்றுப் பொதியையும் எடுத்து ஒரு துணியில் முடிந்தாள். முடிச்சை எடுத்துக்கொண்டு பஸ் ஜன்னலண்டை போனாள். உள்ளே போடுவதற்காகக் கையைத் தூக்கினாள்.

பகவதியப்பன் சட்டென்று தலையைத் தோளுக்குள் இழுத்து, நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவள் தூக்கின கை அப்படியே நின்றது. அந்தக் கோலம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தோளை எவ்வளவு குறுக்க வேண்டும், எந்தக் கை முன்னால் வர வேண்டும், அடி விழுவதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம், எல்லாம் தெரியும். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

முடிச்சை மெதுவாக அவன் மடியில் வைத்தாள்.

"இப்பிடித்தான் இருக்கும்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "பன்னிரண்டு வருஷம் எனக்கு இப்பிடித்தான் இருந்துது."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, முந்தானையால் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடும் ஆபேலண்ணே. பைய போவும், ரோடு மோசம். கை நோவும்."